அல்ஜினேட் ஜெல் மணிக்குள் யூரியா: 25 நாள் தாங்குமா?

#1 குழித்தட்டு

வணக்கம். மிளகாய், தக்காளி நாற்றுக்கு 98 குழித் தட்டில் விதை போடும்போதே தழைச்சத்தை மட்கும் ஜெல் மணியாகக் கலந்துவிட்டு, 25 நாள் மேலுரம் இல்லாமல் ஓட்ட முடியுமா என்பதே நோக்கம். செய்முறை:

100 மி.லி. நீரில் சோடியம் அல்ஜினேட் (பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் பொடி) 2 கிராம், அதோடு யூரியா 20 கிராம். இதை ஊசி வழியாக 300 மி.லி. கால்சியம் குளோரைடு கரைசலில் (3%) சொட்டுச் சொட்டாக விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, கழுவி, 40 டிகிரியில் உலர்த்துகிறேன். ஈரமாக இருக்கும்போது மணியின் விட்டம் 3 மி.மீ.

சோதனை: உலர்ந்த மணி 5 கிராம், காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டர், தினமும் இ.சி. (மின்கடத்துதிறன்) மீட்டர் அளவு. முதல் நாள் ஒரு தாவல், பிறகு 12ஆம் நாள் வரை மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் 12 நாள் வெளியீடு என்று எடுத்துக்கொண்டேன்.

12 நாளை 25 ஆக்க அல்ஜினேட்டைக் கூட்டுவதா, கால்சியத்தைக் கூட்டுவதா? டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட்), பொட்டாஷ் இரண்டையும் உள்ளே சேர்க்கலாமா?

#2 ஜெல்மேசை

செய்முறைக்குப் போகும் முன் அளவீட்டைச் சரிசெய்ய வேண்டும். யூரியா நீரில் அயனியாகப் பிரியாது. மின்சுமை இல்லாத மூலக்கூறு அது. ஒரு லிட்டரில் 100 கிராம் கரைத்தாலும், அதில் இருக்கும் சிறு மாசுகள் காட்டும் அளவைத் தவிர, இ.சி. மீட்டர் அசையாது. ஆகவே அந்த வளைவு யூரியா வெளியேறும் வளைவு இல்லை.

ஏறியது இரண்டு பொருள்கள். முதல் நாள் தாவல், மணிக்குள் தங்கிப்போன கால்சியம் குளோரைடும் சோடியம் குளோரைடும். அதற்குப் பிந்தைய மெதுவான ஏற்றம், ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட யூரியாவை நுண்ணுயிர்களின் யூரியேஸ் நொதி அம்மோனியம் கார்பனேட்டாக உடைத்தது. அம்மோனியம் அயனி என்பதால் மீட்டர் அதைக் காட்டுகிறது. அந்த நீரின் பி.எச். பாருங்கள். 8.5க்கு மேல் போய், மூடியைத் திறந்ததும் அம்மோனியா வாடை வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

யூரியாவை நேரடியாக அளக்க, டைமெதிலமினோபென்சால்டிஹைடு வினைப்பொருளைச் சேர்த்தால் வரும் மஞ்சள் நிறத்தை 420 நானோமீட்டரில் படிக்கலாம். நிறமானி இல்லாவிட்டால் மாதிரியை உடனே குளிர்வித்து ஜெல்டால் முறையில் மொத்தத் தழைச்சத்துப் பார்க்கலாம். யூரியா சேர்க்காத வெறும் ஜெல் மணி ஒரு பாட்டில் கட்டாயம் கூடவே ஓட வேண்டும். இல்லாவிட்டால் பின்னணி எவ்வளவு என்றே தெரியாது. மாதிரி எடுக்கும் நேரம் 1, 2, 5, 10, 20, 40 நிமிடம். நாள் கணக்கில் எடுத்தால் நடந்தது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

#3 உரக்கணக்கு

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உலர்ந்த மணியில் யூரியா எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

100 மி.லி. அல்ஜினேட் கரைசலில் 20 கிராம், சுற்றிலும் யூரியா இல்லாத 300 மி.லி. குளியல். அரை மணி நேரத்தில் யூரியா இரண்டு பக்கமும் சமமாகப் பரவிவிடும். 400 மி.லி.யில் மணியின் பங்கு 100 மி.லி. ஆக 20 கிராமில் 5 கிராம்தான் மணியில், 15 கிராம் குளியலில். ஜெல் இறுகும்போது சுருங்கி நீரைக் கக்கும், கழுவும்போது இன்னும் கொஞ்சம் போகும். நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது.

இதற்கு வழி உண்டு. கால்சியம் குளோரைடு குளியலிலும் அதே செறிவில், அதாவது லிட்டருக்கு 200 கிராம், யூரியாவைக் கரைத்து வையுங்கள். உள்ளும் வெளியும் ஒரே செறிவானால் நிகர இழப்பு இல்லை. அதே குளியலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், கால்சியத்தை மட்டும் அவ்வப்போது ஈடுசெய்தால் போதும். கழுவுவதை ஐந்து விநாடி முக்கி எடுப்பதோடு நிறுத்துங்கள்.

#4 குழித்தட்டு

பி.எச். பார்த்தேன், 8.9. வாடையும் இருக்கிறது. ஜெல்மேசை சொன்னதுதான் சரி. குளியலில் யூரியா சேர்த்துவிட்டால் மணி 25 நாள் தாங்குமா?

#5 ஜெல்மேசை

தாங்காது. சரியாகச் சொன்னால், நிலைமை இன்னும் மோசமாகும். கணக்கைப் போட்டுவிடுவோம்.

யூரியாவின் விரவல் கெழு (எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற அளவு) 25 டிகிரி நீரில் நொடிக்குச் சுமார் 1.4 × 10⁻⁹ சதுர மீட்டர். 2% அல்ஜினேட் ஜெல் என்பது 98% நீர். உள்ளே கெழு கொஞ்சம் குறைந்து 1.1 × 10⁻⁹ என்று வைத்துக்கொள்ளலாம். மணியின் ஆரம் 1.5 மி.மீ. ஆரத்தின் வர்க்கத்தைக் கெழுவால் வகுத்தால் சுமார் 2,000 நொடி. கோளத்துக்கான சமன்பாட்டில் பாதி வெளியேற இதில் 3% நேரம் போதும், 99% வெளியேற சுமார் 42%. ஆக, கலக்கிக்கொண்டிருக்கும் நீரில் பாதி யூரியா ஒரு நிமிடத்திலும் முழுவதும் 14 நிமிடத்திலும் வெளியே.

இதை 30 நாளாக்க வேண்டுமானால் கெழு 3,000 மடங்கு குறைய வேண்டும். அல்ஜினேட்டை 2%லிருந்து 4% ஆக்கினாலும் கால்சியத்தை இரட்டித்தாலும் அது நடக்காது. ஜெல் வலையின் கண் பல நானோமீட்டர் அகலம். யூரியா மூலக்கூறு அரை நானோமீட்டர் அளவுதான். மீன்வலையில் மணலைக் கட்டுவது போன்றது. அல்ஜினேட்டின் கார்பாக்சில் தொகுதிகள் யூரியாவைப் பிடித்து வைப்பதும் இல்லை, ஏனென்றால் பிடிக்க அதில் மின்சுமை இல்லை.

குழிக்குள் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 3 மி.மீ. மணியின் கன அளவு 0.014 மி.லி. இழப்பில்லாமல் செய்தால் ஒரு மணிக்கு 2.8 மி.கி. யூரியா, அதாவது 1.3 மி.கி. தழைச்சத்து. குழிக்கு 10 மணி போட்டால் 13 மி.கி. குழியில் 20 மி.லி. நீர் நின்றால் லிட்டருக்கு 650 மி.கி. தழைச்சத்து, அதுவும் முதல் நீர்ப்பாய்ச்சலிலேயே. அது அம்மோனியாவாக மாறும்போது முளைவிட்ட வேர் கருகும். இப்போது நாற்று தப்பித்திருக்கிறது என்றால் முக்கால்வாசி யூரியா குளியலில் போனதால்தான்.

#6 ஆய்விதழ்வாசகன்

ஜெல்மேசை சார், கணக்கு புரிகிறது. ஆனால் அல்ஜினேட், கைட்டோசான், ஸ்டார்ச் ஜெல்லில் 30 நாள், 60 நாள் வெளியீடு என்று எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றனவே. எல்லாமே தவறா?

#7 தேரிமண்

தவறு என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது தம்பி. எப்படி அளந்தார்கள் என்று செய்முறைப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வகுத்தியைப் பாருங்கள். முதல் கழுவலில் போனதை விட்டுவிட்டு, மிஞ்சியதில் எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்று வரைந்தால் எந்த வளைவும் அழகாக இருக்கும். அடுத்து நீரின் அளவு. நீரை மாற்றாமல் கொஞ்சமாக வைத்தால் உள்ளும் வெளியும் சமநிலைக்கு வந்து வளைவு படுத்துவிடும். அதைக் கட்டுப்பாடான வெளியீடு என்று வாசிப்பது பிழை. சமன்பாட்டைப் பொருத்துவதிலும் ஒரு பொறி உண்டு. அடுக்குவிதி மாதிரி (வெளியீட்டை நேரத்தின் அடுக்காக எழுதும் சமன்பாடு) முதல் 60% வெளியீட்டுக்கு மட்டுமே செல்லும். 95% வரை போட்டுப் பொருத்தினால் வரும் அடுக்கெண்ணுக்குப் பொருளே இல்லை.

மண்ணில் செய்த சோதனை என்றால் ஒப்பீடு எது என்று தேடுங்கள். மண்ணில் நீர் மெல்லிய படலமாக, வளைந்து நெளிந்து கிடப்பதால் விரவல் தானாகவே பல மடங்கு குறையும். வெறும் யூரியாவை அதே மண்ணில் அதே ஈரத்தில் வைத்த ஒப்பீடு இல்லையென்றால், மண் செய்த வேலை ஜெல்லின் கணக்கில் ஏறிவிடும்.

உண்மையிலேயே மெதுவாக விடுபவையும் உண்டு. அவற்றை உற்றுப் பார்த்தால் உள்ளே நீர் ஒட்டாத ஒரு பூச்சு இருக்கும், அல்லது சத்து கரையாத வடிவத்தில் இருக்கும், அல்லது களிமண், சியோலைட் (நுண்துளைக் கனிமம்) போன்ற ஒன்று அயனியைப் பிடித்திருக்கும். ஜெல் வெளிச்சட்டை மட்டுமே.

ஒரு அளவுகோலும் சொல்லிவிடுகிறேன். மெதுவாக விடும் உரத்துக்கு ஐரோப்பியத் தர நிர்ணயக் குழு வைத்த வரையறைப்படி 25 டிகிரியில் 24 மணி நேரத்தில் 15%க்கு மேல் வெளியேறக் கூடாது, 28 நாளில் 75%க்கு மேல் போகக் கூடாது, சொன்ன காலத்தில் குறைந்தது 75% வந்திருக்க வேண்டும். எந்தச் செய்முறையையும் முதல் 24 மணி நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை அங்கேயே விழும்.

#8 ஜெல்மேசை

குளியலே இல்லாமல் ஜெல் செய்யும் வழியையும் எழுதிவிடுகிறேன். வேறு சத்துகளுக்கு உதவும்.

சோடியம் அல்ஜினேட் 2 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி. போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியமே கட்டி கட்டியாக்கிவிடும். நீர் சுழலும்போது சுழலின் ஓரத்தில் பொடியைத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழுப்பாகவும் உள்ளே காய்ந்த மாவாகவும் உருண்டைகள் நிற்கும். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால் காற்றுக் குமிழி ஏறிவிடும்.

அதில் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் பொடி 0.3 கிராமை நன்றாகப் பரப்புங்கள். கடைசியாக குளூக்கோனோ டெல்டா லாக்டோன் 1.07 கிராமைக் கொஞ்சம் நீரில் கரைத்த கையோடு ஊற்றி, ஒரு நிமிடம் கலக்கி, தட்டில் 5 மி.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள். டோஃபு உறைய வைக்கப் பயன்படும் அதே பொருள்தான். அது மெல்ல அமிலமாகி கார்பனேட்டைக் கரைக்க, கால்சியம் உள்ளுக்குள்ளேயே விடுபட்டு ஜெல் சீராக உறையும். மறுநாள் துண்டு போடலாம். ஒரு மூலக்கூறு கார்பனேட்டுக்கு இரண்டு மூலக்கூறு லாக்டோன், அதனால்தான் எடையில் 1க்கு 3.56. லாக்டோன் கூடினால் ஜெல் புளித்துச் சுருங்கும். கார்பனேட் கூடினால் இறுகி நீர் கக்கும். இந்த 0.3 கிராம், அல்ஜினேட்டின் கார்பாக்சில் தொகுதிகளில் சுமார் 60%ஐக் கட்டும் அளவு.

இப்படிச் செய்தால் போட்ட யூரியா முழுக்க உள்ளே நிற்கும். ஆனால் உலர்த்தும்போது இன்னொரு சிக்கல். 2 கிராம் அல்ஜினேட்டுக்கு 20 கிராம் யூரியா என்றால் உலர்ந்த துண்டில் சுமார் 85% யூரியாதான். நீர் ஆவியாக வெளியே வரும்போது யூரியாவையும் கூடவே இழுத்து வந்து மேல்தோலில் வெள்ளைப் பூவாகப் படியவைக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். முதல் நீர்ப்பாய்ச்சலில் அடித்துப்போவது முதலில் அதுதான்.

#9 கடற்பாசி

டி.ஏ.பி. பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. கால்சியம் அல்ஜினேட்டில் டி.ஏ.பி. சேர்க்கவே கூடாது. பாஸ்பேட் கால்சியத்தைப் பறித்துக் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்த்தும், கட்டு அவிழ்ந்து ஜெல் கரையும். ஆய்வகத்தில் அல்ஜினேட் மணியைக் கரைக்க வேண்டுமென்றால் பாஸ்பேட் அல்லது சிட்ரேட் கரைசலில்தான் போடுவோம். நீங்கள் அதையே உரமாக உள்ளே வைக்கிறீர்கள்.

பொட்டாஷ் வேறு விதமாகக் கெடுக்கும். பொட்டாசியமும் சோடியமும் மிகுந்தால் கால்சியம் இடம்பெயர்ந்து, ஜெல் முதலில் உப்பி, பிறகு குழையும். குழித்தட்டில் நிரப்பும் நார்க்கழிவில் இது பெரிய விஷயம். கழுவிப் பதப்படுத்தாத தென்னை நார்க்கழிவில் இரண்டுமே நிறைய இருக்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவிய நார்க்கழிவில்தான் அல்ஜினேட் மணி நிலைக்கும். களர் மண்ணிலும் இதே கதைதான். பி.எச். 9 பக்கம், சோடியமும் பைகார்பனேட்டும் கூட. வாரக் கணக்கில்கூட நிற்காது.

பொட்டாஷுக்கு ஜெல் வேண்டுமென்றால் காப்பா காரஜீனன் பொருத்தம். ராமநாதபுரம் கடற்கரையில் கட்டு மிதவையில் வளர்க்கும் காப்பாபைகஸ் பாசியிலிருந்து வருவது. அதற்கு உறையவைக்கும் அயனியே பொட்டாசியம். 80 டிகிரி வெந்நீரில் 1.5 முதல் 2% கரைத்து, பொட்டாஷ் அரை முதல் 1% சேர்த்து ஆறவிட்டால் உறையும். ஆனால் பொட்டாசியம் போகப்போக ஜெல்லும் தளரும், இதையும் நீண்டகால வெளியீடு என்று எண்ண வேண்டாம்.

அல்ஜினேட் வாங்கும்போது பழுப்புப் பாசி எது என்றும் கேளுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் சர்காசம், டர்பினேரியா. அல்ஜினேட் சங்கிலி குளுரோனிக், மன்னுரோனிக் என்ற இரு அமிலக் கண்ணிகளால் ஆனது. குளுரோனிக் அமிலம் மிகுந்த அல்ஜினேட் முறுக்கான, உறுதியான ஜெல் தரும். மன்னுரோனிக் மிகுந்தது நெகிழ்வாக இருக்கும், சோடியத்துக்குச் சீக்கிரம் தோற்கும். இந்த விகிதத்தைச் சொல்லாத விற்பனையாளரிடம் தொகுதிக்குத் தொகுதி முடிவு மாறும்.

#10 உரக்கணக்கு

வயல் அளவுக்கு இதைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து என்றால் யூரியா 87 கிலோ. யூரியாவும் அல்ஜினேட்டும் சரிபாதி என்று செய்தால் ஏக்கருக்கு 87 கிலோ அல்ஜினேட் வேண்டும். 45 கிலோ மூட்டை மானிய விலையில் 266.50 ரூபாய்க்குக் கிடைக்கும் நாட்டில் அது எடுபடாது.

யூரியாவுக்கு நடைமுறையில் வேலை செய்வது பூச்சு. நீர் ஒட்டாத மட்கும் பாலிமர் உள்ளே, ஜெல் வேண்டுமானால் வெளியே. இதில் கவனிக்க வேண்டியது குருணையின் அளவு. 3 மி.மீ. குருணையில் 50 மைக்ரான் படலம் போட்டால் எடையில் ஏறத்தாழ 9% பூச்சு. 1.5 மி.மீ. குருணையில் அதே படலத்துக்கு அதன் இரு மடங்கு. ஆகவே 2 முதல் 4 மி.மீ. குருணை யூரியாவைத் தேர்ந்து, சலித்து, தூளை நீக்கிய பிறகுதான் பூச்சு போடும் உருளையில் போட வேண்டும். குருணையில் கூர்மையோ வெடிப்போ இருந்தால் அங்கே படலம் மெலியும். ஒரே ஒரு ஊசித்துளை போதும், அந்தக் குருணை முழுவதும் காலியாகும். ஜெல் கரைசலை நேரடியாக யூரியாவின் மேல் தெளிக்கும் பிழையைப் பலர் செய்கிறார்கள். நீர் பட்டதும் மேற்பரப்பு கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே நீர்க்கரைசல்.

2015 முதல் நம் யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசியதுதான் என்பதையும் மறக்க வேண்டாம். கிலோவுக்கு 350 மி.கி. எண்ணெய். அது யூரியா கரைவதைத் தடுக்கும் படலம் கிடையாது, நைட்ரேட்டாக மாறுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். சோதனையில் ஒப்பீட்டு யூரியாவும் அதேவகையாக இருக்கட்டும்.

நெல்லுக்கு இந்த ஜெல் வழியே வேண்டாம். வங்கதேசத்தில் பரவலான ஆழ இடல் முறையில் 1.8 கிராம் அல்லது 2.7 கிராம் யூரியா வில்லையை நான்கு குத்துகளுக்கு நடுவே 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் புதைக்கிறார்கள். காற்றில்லாத சேற்றில் அம்மோனியமாகவே நின்று மெல்லப் பரவும். பாலிமரே தேவையில்லை.

#11 குழித்தட்டு

வயலை விட்டுவிடுவோம், நாற்றுத்தட்டு மட்டும். மட்கும் என்று எதை வைத்துச் சொல்வது? கடையில் ஸ்டார்ச் ஜெல் என்று விற்பதும் மட்கும்தானே? நீரையும் சேமிக்கும் என்கிறார்கள்.

#12 தேரிமண்

ஸ்டார்ச் என்று பெயரில் இருந்தால் போதாது. சேலத்து மரவள்ளி மாவில் அக்ரிலிக் அமிலத்தை ஒட்டவைத்து உருவாக்கும் உறிஞ்சி ஜெல்லில் மாவுப் பகுதியை நுண்ணுயிர் தின்னும். அக்ரிலேட் சங்கிலியின் முதுகெலும்பு கார்பன் கார்பன் பிணைப்பு. அது மண்ணில் மிக மெதுவாகத்தான் உடையும். மாவு போன பிறகு எடை குறைந்து ஜெல் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அக்ரிலேட் அங்கேயே இருக்கிறது. நைலான் வலைப்பையில் புதைத்து எடை இழப்பை மட்டும் பார்த்து மட்கியது என்று எழுதுவது இதனால்தான் தவறு. கரைந்து ஓடியதும் எடை இழப்பாகவே தெரியும். சரியான சோதனை வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது, ஐ.எஸ்.ஓ. 17556 முறை. பக்கத்தில் தூய செல்லுலோஸ் ஒரு குடுவை. அது மட்காவிட்டால் உங்கள் மண்ணே சரியில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1009 உர விதி வைத்த அளவு கடுமையானது. பயன்காலம் முடிந்த 48 மாதத்துக்குள் பாலிமரின் கார்பனில் 90% கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். லேபிளில் மட்கும் என்று போடுமுன் இந்தக் கேள்விக்கு விடை கையில் இருக்கட்டும். பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பொருளும் முக்கியம். கைட்டோசானை குளூட்டரால்டிஹைடால் கட்டினால் மிச்சம் நாற்றுக்கு நஞ்சு. சிட்ரிக் அமிலத்தால் கட்டிய கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் அதைவிட நல்லது.

நீர் சேமிப்புக்கும் ஒரு கணக்கு. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல்லின் பரிந்துரை எக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ. தூய நீரில் எடையைப் போல் 350 மடங்கு உறிஞ்சும். ஏக்கருக்கு 2 கிலோ போட்டால் 700 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. நீர் என்பது 4,047 லிட்டர். அதாவது ஒருமுறை நிரம்பினால் 0.17 மி.மீ. கோடையில் ஒரு நாள் ஆவியாவதே 5 மி.மீ.க்கு மேல். கால்சியம், மெக்னீசியம் மிகுந்த போர் தண்ணீரில் அந்த 350 மடங்கும் வெகுவாகச் சரியும். அதனால் வயல் முழுக்கத் தூவுவதில் பயனில்லை. விதை வரிசையில், வேர் இறங்கும் ஆழத்தில், காய்ந்த மணலோடு 1க்கு 10 கலந்து இட்டால் மணற்பாங்கான செம்மண்ணில், தேரி மணலில் பொருள் உண்டு. கரிசலில் அந்தச் செலவு வீண். நார்க்கழிவு தன் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு நீரைத் தானே பிடிக்கும், அதற்கு ஜெல் எதற்கு?

கால்சியம் அல்ஜினேட்டோ ஒருமுறை உலர்ந்தால் நல்ல நீரில் மீண்டும் பெரிதாக உப்பவே உப்பாது.

#13 ஜெல்மேசை

குழித்தட்டுக்கான செய்முறைக்கு வருகிறேன். யூரியாவைக் கைவிட்டு அம்மோனியத்தை சியோலைட்டில் ஏற்றுங்கள்.

கிளினோப்டிலோலைட் என்ற சியோலைட் வகை ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 2 மில்லி ஈக்விவலன்ட் அயனி பிடிக்கும், தழைச்சத்தாக 28 மி.கி. நடைமுறையில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 40 கிலோ என்றால் 2 டன் சியோலைட், நடக்காத காரியம். ஆனால் குழிக்கு 10 மி.கி. என்றால் அரை கிராம்தான், தட்டுக்கு 49 கிராம். நாற்றங்காலில் இது சாத்தியம்.

ஒரு லிட்டர் நீரில் அம்மோனியம் சல்பேட் 66 கிராம், அதில் 75 மைக்ரானுக்குக் கீழ் சலித்த சியோலைட் 100 கிராம், 24 மணி நேரம் கலக்கல். வடித்து, கழுவும் நீரின் இ.சி. இறங்கும்வரை கழுவுங்கள் (இங்கே இ.சி. மீட்டர் சரியான கருவி). சல்பேட் மிஞ்சினால் கால்சியம் குளியலில் ஜிப்சமாக (கால்சியம் சல்பேட்) வெள்ளையாகப் படியும். 60 டிகிரியில் உலர்த்தல். பிறகு 2% அல்ஜினேட் 100 மி.லி.க்கு 20 கிராம் பொடி, 18 கேஜ் ஊசி, 3% கால்சியம் குளோரைடில் 10 நிமிடம் மட்டும். ஊசி 10 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்தால் மணிக்கு வால் முளைக்கும், உயர்ந்தால் தட்டையாகும்.

வெளியீட்டைக் காய்ச்சி வடித்த நீரில் சோதித்தால் ஒன்றுமே வராது. வெளியேற இன்னொரு அயனி உள்ளே வர வேண்டும். பாய்ச்சும் நீரிலோ நார்க்கழிவுச் சாற்றிலோ சோதியுங்கள். பொட்டாசியம்தான் அம்மோனியத்தை வலுவாகத் தள்ளும். நார்க்கழிவில் அது மிகுந்திருந்தால் முதல் வாரத்திலேயே கூடுதலாக வரும்.

#14 ஆய்விதழ்வாசகன்

அப்படியென்றால் ஜெல் எதற்கு சார்? அம்மோனியம் ஏற்றிய சியோலைட்டையே நார்க்கழிவில் கலந்துவிடலாமே?

#15 கடற்பாசி

தழைச்சத்தைப் பொறுத்தவரை ஜெல் வெறும் ஒட்டுப்பொருள்தான். நுண்பொடி குழியின் அடித்துளை வழியே கழுவிப் போகாமல் கட்டி வைக்கிறது, எண்ணி இட உதவுகிறது. ஒரு மி.மீ. குருணை சியோலைட் கிடைத்தால் அதையே ஏற்றிக் கலக்கலாம், ஜெல் வேண்டாம்.

ஜெல் தானே சத்தைப் பிடிப்பது துத்தநாகத்தில். துத்தநாக அயனியே அல்ஜினேட்டைக் கட்டும், முழுதாகக் கட்டினால் உலர் எடையில் 15% வரை துத்தநாகம். கால்சியம் மெல்ல வந்து அதை இடம்பெயர்க்கும், அதுதான் வெளியீடு. நாற்றுக்கு லிட்டர் ஊடகத்துக்குச் சில மில்லிகிராம்தான் தேவை, எனவே தட்டு முழுவதற்கும் 0.1 கிராம் முழுத் துத்தநாக மணியே மிகுதி. அதை 98 குழிக்குப் பிரிக்க முடியாது. குளியலில் கால்சியம் குளோரைடு 9 பங்கு, துத்தநாக குளோரைடு 1 பங்கு என்று கலந்து நீர்த்த மணியாகச் செய்து, எவ்வளவு ஏறியது என்று அளந்த பிறகு பங்கிடுங்கள். துத்தநாக சல்பேட் போட்டால் கால்சியத்தோடு ஜிப்சம் விழும்.

#16 தேரிமண்

தட்டில் வைக்கும் முன் குழாய்ச் சோதனை ஒன்று. 10 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய், அடியில் வலை, 30 செ.மீ. உயரம் ஊடகம். பரப்பு 78.5 சதுர செ.மீ. என்பதால் 20 மி.மீ. பாசனம் 157 மி.லி. எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்துக்கு இணை ஒரு குழாய்க்கு 94 மி.கி., யூரியாவாக 205 மி.கி. நான்கு வகை: ஒன்றும் இடாதது, வெறும் யூரியா, வெற்று ஜெல்லோடு தனியாக யூரியா, சத்தேற்றிய மணி. ஒவ்வொன்றும் மூன்று குழாய். மூன்றாவது வகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜெல்லின் இருப்பையும் ஜெல்லுக்குள் சத்து இருப்பதையும் பிரித்துக் காட்டுவது அதுதான். வடிநீரில் யூரியா, அம்மோனியம், நைட்ரேட் மூன்றையும் அன்றே அளக்க வேண்டும், அல்லது உறையவைக்க வேண்டும். இல்லையென்றால் #1இல் நடந்ததே பாட்டிலுக்குள் மறுபடி நடக்கும்.

#17 குழித்தட்டு

திட்டம் மாறியது. கால்சியம் நைட்ரேட்டில் ஊறிய நார்க்கழிவு, குழிக்கு அரை கிராம் ஏற்றிய சியோலைட் மணியாக, துத்தநாகம் தனி மணியாக. டி.ஏ.பி. இல்லை. பாய்ச்சும் நீரிலேயே வெளியீட்டுச் சோதனை. வேறு ஏதாவது தப்பவிட்டேனா?

#18 ஜெல்மேசை

ஒன்று இருக்கிறது. தக்காளி நாற்றுக்கு எல்லாத் தழைச்சத்தும் அம்மோனியமாக வந்தால் ஒத்துக்கொள்ளாது. புது நார்க்கழிவில் அதை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரும் குறைவு. ஆகவே மணியில் 5 மி.கி. மட்டும் வையுங்கள், சியோலைட் கால் கிராம் போதும். மீதியை இரண்டாம் வாரத்திலிருந்து நீர்த்த கால்சியம் நைட்ரேட்டாகப் பாசன நீரில் கொடுங்கள். 25 நாளும் கை படாமல் என்ற இலக்கு இதில் கைகூடாது. மிளகாய்த் தட்டையும் இதே அளவில் வைத்து, 10ஆம் நாள் வடிநீரில் அம்மோனியம் பார்த்த பிறகு கூட்டலாம்.

மணிகளை ஈரமாகவே சேமிக்க வேண்டாம், ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.